பிளேக்கும் 1897-ஆம் வருஷத்துச் சட்டமும்

பிளேக்கைப் பரப்பியது எலியென்பர். அவ்வெலியைப் பிரயாணம் செய்வித்தவர் மனிதரே. 1896-இல் பம்பாய் மாண்ட்வியில், துறைமுகத்தை அடுத்த தானியக் கிடங்குகளிடையே அந்நோய் தோன்றியது. மூட்டைகளோடு எலியும் ரயிலேறிற்று. பின்வந்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர்.

துரைத்தனத்தார் செய்ததென்ன? 1897-இல் தொத்துநோய்ச் சட்டம் இயற்றினர். புனாவில் வெள்ளைச் சோல்ஜர்கள் வீடு புகுந்து, ஸ்திரீகளின் மானத்தையும் பாராமல், நோயாளிகளைத் தேடினர். எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துவதென்று மறு வருஷம் கராச்சியில் கண்டறிந்தவர் ஸீமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர். நெடுநாள் அவருக்குச் செவிசாய்த்தவர் சிலரே.

நிற்க. கொரோனா வந்த 2020-இல் நமது சுதேச சர்க்காரும் அப்பழைய சட்டத்தையே கையிலெடுத்தனர். கப்பலையும் ரயில் பிரயாணியையும் சோதிக்க அதிகாரமளித்து அந்நியர் இயற்றிய அதன் நான்கு பிரிவுகளில் எலியென்ற சொல்லுமில்லை, பிராணியென்ற சொல்லுமில்லை.