ஆள் பாதி, ஆடை பாதி... வேலை போன பிறகு?



'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள் நம் பெரியவர்கள். வேலை இருக்கும்போது இது சாதாரணப் பழமொழி. வேலை போன பிறகு இதுவே குத்தலாகக் கேட்கும். சோற்றுக்கும் வாடகைக்குமே இழுபறி, இதில் துணிமணிக்கு எங்கே போவது என்று கேட்கும் குடும்பங்கள் செலாயாங்கிலும் உண்டு, கிள்ளானிலும் உண்டு. ஆனால் நேர்முகத் தேர்வுக்குக் கிழிந்த சட்டையோடு போக முடியாது. பிள்ளையைச் சீருடை இல்லாமல் பள்ளிக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே உடையும் அவசியச் செலவுதான். அதை எப்போது, எங்கே, எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

படிப்படியாக இறங்கும் பணம்

முதலில் கைக்கு வரும் பணத்தைப் பார்ப்போம். வேலை இழந்தவர்களுக்காக நம் நாட்டில் வேலைக் காப்புறுதிச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. பெர்கேசோ எனப்படும் நம் சொக்சோதான் இதை நடத்துகிறது. நம் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் மாதாமாதம் பிடிக்கப்படும் சிறு சந்தாவில் இது இயங்குகிறது. எனவே இது யாரும் போடும் பிச்சையல்ல, நாம் கட்டிய பணம்.

ஆட்குறைப்பில் நீக்கப்பட்டவர், நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவர், தன்விருப்பப் பணிவிலகல் திட்டத்தில் வெளியேறியவர் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். தானாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவருக்கும் இது கிடையாது. முதல் முறை கோருபவர், வேலை போவதற்கு முந்திய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாளைத் தவற விட்டால் உள்ளதும் போய்விடும்.

திட்டம் தொடங்கியபோது வகுத்த விகிதப்படி, வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு. 2,000 வெள்ளி சம்பளம் வாங்கியவருக்கு இது சுமார் 1,600, 1,000, 800, 800, 600, 600 என்று இறங்கும். எத்தனை மாதம் கிடைக்கும் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. 3 மாதத்தோடும் முடியலாம். உங்களுக்கு எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தப் படிக்கட்டைக் கவனித்தால் விஷயம் விளங்கும். கையில் அதிகப் பணம் இருப்பது முதல் மாதம்தான். துணிக்கென்று ஒதுக்க வேண்டியதை அந்த மாதத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு நான்காம் மாதம் கடைக்குப் போகிறவர், தவணையிலோ கடனிலோதான் வாங்க வேண்டி வரும்.

முதலில் நேர்முகத் தேர்வு உடை

எந்த உடைக்கு முதலிடம்? நமக்கு வேலை வாங்கித் தரும் உடைக்கு. வேலை தேடியதற்கான விவரத்தைக் காட்டினால்தான் அடுத்த மாத உதவித்தொகையும் வரும். ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போக ஓர் உடை தயாராக இருந்தே ஆக வேண்டும்.

தொலைக்காட்சியில் வேலை செய்வதால் எனக்குத் தெரிந்த ஒரு ரகசியத்தைச் சொல்கிறேன். திரையில் எங்களைப் பார்த்து 'எத்தனை உடை வைத்திருக்கிறார்!' என்று நினைக்கிறீர்கள். அவற்றில் பல நிகழ்ச்சிக்காக வாங்கிப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பவை. கேமரா விலையைப் பார்ப்பதில்லை. கழுத்துப்பட்டி நிமிர்ந்திருக்கிறதா, தோள் பொருந்துகிறதா, துணி கசங்காமல் இருக்கிறதா என்பதைத்தான் அது காட்டும். நேர்முகத் தேர்வு அதிகாரியின் கண்ணும் அப்படித்தான். கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டை ஒன்று, வெளிர்நிறச் சட்டை இரண்டு, துடைத்த காலணி ஒரு ஜோடி போதும். பெண்களுக்கும் இதே கணக்கு: அடர் நிறக் கீழாடை ஒன்று, மேலாடை இரண்டு. அண்ணன் தம்பியிடமோ அக்காவிடமோ அளவு ஒத்துப்போனால் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை.

பண்டல் கடையில் கவனிக்க வேண்டியவை

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பண்டல் கடைக்குப் போகலாம். ஜப்பான், கொரியா போன்ற நாடுகளில் கழித்த உடைகள் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வருகின்றன. மூட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கடைக்கும் பெயராகிவிட்டது. ஜப்பானின் புக் ஆஃப் நிறுவனம்கூட 2016-இல் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கடை திறந்தது. நல்ல சம்பளம் வாங்கும் இளைஞர்களே அங்கே தேடித் தேடி வாங்குகிறார்கள். வேலை இல்லாதவர் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சிறு ஓட்டையும் தெரியும். அக்குள், கழுத்துப்பட்டி, கைமுனை ஆகிய மூன்று இடங்களிலும் கறையைப் பாருங்கள். கால்சட்டையில் தொடை இடுக்கு தேய்ந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று பாருங்கள். பொத்தான் போயிருந்தால் தைத்துக்கொள்ளலாம். துணி இற்றுப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். ஜப்பானிய உடைகள் நம் அளவைவிடச் சிறிதாக இருக்கலாம், சீட்டில் உள்ள எழுத்தை நம்பாமல் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் துணி தாங்குமானால் சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே அணிய வேண்டும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சும்மாவா சொன்னார்கள்?

புதுத் துணிதான் வேண்டும் என்றால் சௌக்கிட் லோரோங் ஹாஜி தாயிப்பில் உள்ள ஜிஎம் பிளாசா, புடு பக்கம் கெனாங்கா மொத்த விற்பனை வளாகம் ஆகியவை இருக்கின்றன. மொத்த விலைக் கடைகளில் சில உருப்படிகள் சேர்த்து வாங்கினால்தான் விலை குறையும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். செலாயாங்கில் இருப்பவர்கள் பத்துமலையில் கொம்யூட்டர் ஏறி பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கினால், மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளுக்கு நடந்தே போய்விடலாம்.

பள்ளியும் பண்டிகையும்

பள்ளித் தொடக்கம் 2026-இல் மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டது. தீபாவளிச் செலவு ஓய்வதற்குள் சீருடைச் செலவு வந்து நிற்கிறது. தொடக்கப்பள்ளிப் பையனுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் கால்சட்டை பச்சையாகிவிடும். ஆகவே ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளையின் கருநீல உடை வீட்டில் சும்மா கிடக்கும். அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமே! 2021 முதல் பள்ளிக் காலணியும் கறுப்பாகிவிட்டதால் கைமாற்றிக் கொடுப்பது இன்னும் எளிது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டு இறுதியில் ஒரு நாள் சீருடைப் பரிமாற்றம் வைத்தால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும். 2023 முதல் பெற்றோரின் வருமான வரம்பு பார்க்காமல் அரசாங்கம் வழங்கிவரும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவியை வேறு செலவில் கரைக்காமல், காலணிக்கும் பைக்கும் வையுங்கள்.

தீபாவளிக்கு வருவோம். இங்கேதான் கடன் வாசல் திறக்கிறது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று கைத்தொலைபேசி கூப்பிடும். வட்டி முதலையின் அட்டை வீட்டு வாசலிலேயே கிடக்கும். வேலை இல்லாத ஆண்டில் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு புது உடை எடுங்கள். அம்மாவின் பழைய பட்டில் மகளுக்குப் பாவாடை தைக்கலாம். அப்பாவுக்குச் சலவை செய்த வேட்டி போதும். ஏற்கெனவே கடனில் சிக்கியவர்கள் 2006-இல் தொடங்கப்பட்ட ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

நேயர்களே, இன்று வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சம்பளச் சீட்டில் வேலைக் காப்புறுதிச் சந்தா பிடிக்கப்படுகிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பிடிக்கப்படவில்லை என்றால் முதலாளியிடமும் சொக்சோவிடமும் கேளுங்கள். பிறகு அலமாரியைத் திறந்து, ஓர் ஆண்டாகத் தொடாத நல்ல உடைகளைத் துவைத்து மடித்து, தெரிந்த குடும்பத்துக்குக் கொடுங்கள். பழையதைக் கழிப்பதுபோல் கொடுக்காமல், உறவினருக்குக் கொடுப்பதுபோல் கொடுங்கள். வாங்குகிறவர் தலைகுனியாமல் வாங்கிக்கொள்வார்.