பதினாறு பாகத்துக்குக் கீழே ஏறும் போதை

தமிழ்க் கடற்கரை மீனவர்கள் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வது வழக்கம். இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை வரும் நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ 1.8 மீட்டர். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையில் உள்ள கடலோரக் குடியிருப்பான சோலை நகரிலிருந்து வலையேற்றிப் புறப்படும் படகுக்குப் பதினாறு பாகம் என்பது பெரிய ஆழம் அன்று. ஆனால் முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முக்குளிப்பவருக்கு அந்த ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 30 மீட்டரில், நைட்ரஜன் மயக்கம் என்னும் அறிவுத் தடுமாற்றம் தலைகாட்டத் தொடங்குகிறது.

புதுச்சேரிக்கு எதிரேயுள்ள கடலடி சிறிது தூரம் மெல்லச் சரிந்து, பின்னர் நீரடிப் பள்ளத்தாக்குகளால் வெட்டுண்டு ஆழமாகிவிடுவதால், படகில் போய்வரும் தொலைவுக்குள்ளேயே பாதுகாப்பான ஆழமும் ஆபத்தான ஆழமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மீன்கள் கூடுவதற்காக அமைக்கப்பட்ட டெம்பிள் ரீஃப் என்னும் செயற்கைத் திட்டு சுமார் 18 மீட்டரில், பத்துப் பாகத்தில் இருப்பதால் புதிதாகக் கற்பவருக்கும் ஏற்றது. அரவிந்த்ஸ் வால் என்று முக்குளிப்போர் அழைக்கும் பாறைச் சுவரின் நிலை வேறு: மீனவர் பேச்சில் பார் எனப்படும் அந்தப் பாறை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போக, அதன் அழகில் கண்வைத்துத் தொடர்பவர் 30 மீட்டரை எப்போது கடந்தோம் என்பதை உணராமலே கடந்துவிட முடியும்.

மனிதர் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்; நிலத்தில் அது உடலை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதாலும், வாயில் பொருந்திய ரெகுலேட்டர் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகவே காற்றைத் தருவதாலும், 30 மீட்டரில் நுரையீரலுக்குள் நுழையும் நைட்ரஜனின் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் நான்கு மடங்காகிறது. அந்த நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து மூளையை அடைகிறது. கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள்களே வலுவான மயக்க மருந்துகளாக இருக்கின்றன என்று 1899இல் மேயரும் 1901இல் ஓவர்டனும் தனித்தனியே கண்டறிந்தனர். நரம்புச் செல்களின் கொழுப்புச் சவ்விலும் அதிலுள்ள புரதங்களிலும் நைட்ரஜன் எவ்வாறு செயல்படுகிறது என்பது இன்றும் ஆராயப்படுகிறது என்றாலும், அந்தத் தொடர்பு பெரிதும் பொருந்துகிறது. கொழுப்பில் மிகக் குறைவாகவே கரையும் ஹீலியம் மயக்கம் தராததால், பேராழத்தில் வேலை செய்வோர் நைட்ரஜனுக்குப் பதிலாக அதைக் கலந்து சுவாசிக்கின்றனர்.

இந்த நிலையை முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் ஜூனோ. அழுத்தமேற்றிய காற்றைச் சுவாசிப்போரிடம் குடிபோதையை ஒத்த குறிகள் தோன்றுவதை 1835இல் அவர் எழுதினார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1935இல், அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கியும் அவருடைய குழுவினரும் அதற்குக் காரணம் நைட்ரஜன் என்றனர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாட்களிலேயே, ஸ்கூபா கருவியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கூஸ்தோ இதைப் ‘பேராழங்களின் போதை’ என்று பிரெஞ்சில் அழைத்தார். அவருடைய தோழர் மோரிஸ் ஃபார்க் 1947இல் கயிற்றைப் பிடித்து இறங்கி, வழிநெடுகக் கட்டியிருந்த பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே சென்றார். சுமார் 120 மீட்டரில் இருந்த பலகையில் அவர் கையெழுத்து இருந்தது, ஆனால் மேலே இழுக்கப்பட்டபோது சுவாசக் குழாய் அவர் வாயில் இல்லை.

இந்தப் போதையின் உண்மையான ஆபத்து, ஆபத்தை அறிய வேண்டிய அறிவையே அது முதலில் தாக்குவதில் இருக்கிறது. சிலருக்குக் காரணமற்ற மகிழ்ச்சி, சிலருக்குக் காரணமற்ற அச்சம். இருசாராருக்கும் கணக்கிடும் திறன் மந்தமாகிறது, பார்வை ஒரே பொருளில் நிலைத்துவிடுகிறது. 12 லிட்டர் சிலிண்டரில் அடைத்த சுமார் 2,400 லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவிடுபவருக்கு நீரின் மேற்பரப்பில் இரண்டு மணி நேரம் வரும். 40 மீட்டரில், மேலேறத் தேவையானதை ஒதுக்காமல் கணக்கிட்டாலும், அதே காற்று 24 நிமிடங்களில் தீர்ந்துவிடும். மயக்கத்தில் இருப்பவர் அளவுமானியைத் தூக்கிப் பார்ப்பார், முள் எங்கே நிற்கிறது என்பதும் கண்ணில் படும்; ஆனால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது மனத்தில் ஏறாது. பாறையில் சிக்கிக் கைவிடப்பட்ட வலையை அறுத்தெடுக்க இறங்குபவர்களுக்கு இது இன்னும் கொடியது; ஒரு முடிச்சில் கவனம் குத்திட்டு நிற்கையில், முதுகுப்புறச் சிலிண்டரில் அதே வலையின் மறு ஓரம் மாட்டிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

களைப்பு, குளிர், விரைவான இறக்கம், மூச்சுத் திணறலால் தேங்கும் கரியமில வாயு ஆகியவை மயக்கத்தைக் கூட்டும், மதுவும் கூட்டும். வார இறுதியில் மதுவுக்காகவே புதுச்சேரிக்கு வந்து, மறுநாள் காலை கடலுக்குள்ளும் இறங்க விரும்பும் பயணிகளிடம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்வது படகேற்றுபவர்களின் கடமை. தொடக்கநிலைப் பயிற்சி பெற்றவருக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30, ஆழப் பயிற்சி முடித்தவருக்கு 40 என்று பயிற்சி அமைப்புகள் வகுத்துள்ள எல்லை கரையிலேயே பேசி முடிக்கப்பட வேண்டியது, ஏனெனில் கீழே சென்றபின் எடுக்கும் முடிவு தெளிந்த மனம் எடுக்கும் முடிவாக இராது.

இதற்கு மருந்து எளியது: துணைவரின் கையைப் பற்றி, அவசரமின்றிச் சில மீட்டர் மேலேறினால் சில நிமிடங்களில் மனம் தெளிந்துவிடும். விரைந்து மேலேறுவதால் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகும் அழுத்தநீக்க நோயைப்போல் இது பின்விளைவுகளை விட்டுச்செல்வதில்லை. ஆனால் கீழே நடந்தது சிலருக்குப் பிறகு நினைவில் இருப்பதில்லை. படகேறியதும் தமக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று அவர்கள் மனமாரச் சொல்வார்கள். எத்தனை முறை சைகை காட்டியபின் பதில் வந்தது, கண்கள் எங்கே நிலைத்திருந்தன என்பவற்றை உடனிறங்கிய துணைவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.