குவார்ன் வேட்டைச் சங்கமும் அதன் நாய்களும்



வேட்டை நாய் எதுவும் இன்றுள்ள வடிவில் தானாகத் தோன்றியதன்று. அதன் காலின் விரைவிலும் மூக்கின் கூர்மையிலும் குரலின் முழக்கத்திலும் மனிதனின் விருப்பம் பதிந்திருக்கிறது. ஆதலால் ஒரு நாயினத்தின் வரலாற்றை ஆராய்ந்தால் அதனை வளர்த்த மக்களின் வரலாறும் உடன் புலனாகும். இதற்குத் தக்க சான்றாக விளங்குவது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர்ஷயர் மாவட்டத்தின் குவார்ன் வேட்டைச் சங்கம்.

இங்கே நரி என்பது செந்நரியைக் குறிக்கும். நம் நாட்டு ஊர்ப்புறங்களில் கூட்டமாக ஊளையிடும் நரி வேறோர் இனம். செந்நரி கோழிகளையும் ஆட்டுக்குட்டிகளையும் கவர்ந்து செல்வதால் உழவர் அதனைப் பகையாகவே எண்ணினர். பிரபுக்களோ பழங்காலத்தில் மானையே தம் வேட்டைக்குரிய விலங்காக மதித்தனர். காடுகள் சுருங்கி மான்கள் அருகிய பின்னரே அவர்களின் நாட்டம் நரியின்பால் திரும்பியது.

குவார்ன் சங்கத்தின் தொடக்கம் 1696-ஆம் ஆண்டில் தாமஸ் பூத்பி என்பவர் வைத்திருந்த நாய்க்கூட்டம் என்பர். ஆயினும் அதற்குப் புகழ் தேடித் தந்தவர் ஹ்யூகோ மெய்னெல். 1753-இல், ஏறத்தாழப் பதினெட்டு வயதில், குவார்ன் என்னும் சிற்றூரின் மாளிகையை வாங்கி அவர் அங்கே குடியேறினார். அவ்வூரின் பெயரே சங்கத்தின் பெயராயிற்று. 1800 வரை அவர் அதன் தலைவராக இருந்தார்.

மெய்னெல் செய்த மாறுதல் யாது? அதற்கு முன்பு வேட்டை விடியற்காலையில் தொடங்கியது. இரவெல்லாம் இரைதேடித் திரும்பிய நரி வயிறு நிறைந்து விரைந்து ஓட இயலாத நிலையில் இருக்கும். மெதுவாகச் செல்லும் நாய்கள் அதன் மோப்பத்தைப் பற்றிக்கொண்டே பின்தொடரும். மெய்னெல் வேட்டையைப் பொழுது ஏறிய பின் தொடங்கினார். உண்டது செரித்த நரி காற்றாய்ப் பறக்கும். அதனைத் தொடர விரைவான நாய் வேண்டும். ஆனால் விரைவை நாடினால் மோப்பத்திறன் குறைந்துவிடக் கூடாது. எனவே விரைவு, மோப்பம், களைப்புத் தாங்கும் ஆற்றல் ஆகிய மூன்றும் பொருந்திய நாய்களையே தேர்ந்தெடுத்து, அவற்றைத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார். அதே மாவட்டத்தில் அதே காலத்தில் ராபர்ட் பேக்வெல் என்னும் உழவர் இத்தகைய தேர்வு முறையால் ஆட்டினத்தைச் சீர்திருத்தி வந்தார் என்பது கருதத்தக்கது. டார்வின் பிறப்பதற்கு முன்பே, தேர்வினால் உயிரினத்தின் இயல்பை மாற்றலாம் என்பதைப் பண்ணைகளும் நாய்க்கூடங்களும் கண்டிருந்தன.

இந்நாய்களை ஜோடிக் கணக்கில் எண்ணுவதே மரபு. முப்பத்தைந்து நாய்கள் இருந்தால் பதினேழரை ஜோடி என்பர். குட்டிகளைச் சிலகாலம் அக்கம்பக்கத்து உழவர் வீடுகளில் விட்டு வளர்ப்பர். ஆட்டையும் கோழியையும் கண்டு பாயாத பழக்கம் அங்கே அவற்றுக்கு அமையும். வேட்டைக்களத்தில் நாய்களை நடத்துபவர் ஊதுகொம்பினாலும் குரலினாலும் ஆணையிடுவார். அவருடைய துணைவர் சிதறும் நாய்களைத் திருப்பிச் சேர்ப்பார். நாய்களின் குரல் ஒலிக்கும் திசையறிந்தே பின்வரும் குதிரைவீரர்கள் வழி காண்பர்.

நிலத்தின் மாற்றமும் இவ்வேட்டைக்குத் துணைபுரிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாராளுமன்றச் சட்டங்களின்படி பொதுவயல்கள் பிரிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. லெஸ்டர்ஷயரில் உழுநிலங்கள் பல மேய்ச்சல் நிலங்களாயின. புல்வெளியில் பாய்ந்து, வேலிகளைத் தாண்டிச் செல்வது செல்வர்க்குப் பெரும் பொழுதுபோக்காயிற்று. மெல்டன் மோபிரே என்னும் சிறுநகரம் அவர்களின் தலைநகர் போல் ஆயிற்று. இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். தீங்கு செய்யும் விலங்கை ஒழிக்கிறோம் என்று சொன்னவர்களே அது தங்கி வாழ்வதற்குப் புதர்களை நட்டு வளர்த்தனர். நரி குறைந்த இடங்களுக்கு வெளியிலிருந்து நரிகளை வாங்கிவந்து விட்டதும் உண்டு.

இவ்வழக்கம் ஆங்கிலேயருடன் நம் நீலகிரிக்கும் வந்தது. அங்கே செந்நரி இல்லை. ஆகவே உதகமண்டலத்து வேட்டைச் சங்கத்தார் நம் நாட்டு நரியைத் துரத்தினர். அவர்கள் குதிரையோட்டிய புல்வெளி, 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வழங்குகிறது.

இங்கிலாந்தில் எதிர்ப்பு நாளடைவில் வலுத்தது. குவார்ன் வேட்டையில் நரி கொடுமைக்கு உள்ளாவதைக் காட்டும் படம் 1991-இல் வெளியாகிப் பெருங்கண்டனம் எழுந்தது. சங்கத் தலைவர்கள் பதவி விலக நேர்ந்தது. அரசு அமைத்த பர்ன்ஸ் குழு, இவ்வேட்டை நரியின் நலனைப் பெரிதும் பாதிக்கிறது என்று 2000-இல் அறிக்கை தந்தது. ஆதரித்தோர் நாட்டுப்புற மக்களின் பிழைப்பையும் பழைய மரபையும் சுட்டிக்காட்டினர். ஈற்றில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவதைத் தடை செய்தது. அதன்பின் சங்கங்கள் முன்கூட்டியே நிலத்தில் இட்ட மோப்பத்தடத்தில் நாய்களை ஓடவிட்டன. இதுவும் வேட்டையை மறைக்கும் திரையே என்று குறைகூறுவோர் உளர்.

மாணவர்களே, மெய்னெல் காட்டிய பொறுமையும் கூர்ந்த நோக்கும் எவராலும் மறுக்க இயலாதவை. ஆனால் ஒரு செயலைத் திறம்படச் செய்தோமா என்பது ஒரு வினா. அச்செயல் செய்யத் தக்கதா என்பது மற்றொரு வினா. முன்னதற்குக் கிடைத்த நல்ல விடையைப் பின்னதற்கும் விடையாகக் கொண்டதனாலேயே, ஓடிக் களைத்த ஓர் உயிரின் துன்பம் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கப்படவில்லை. நாய்க்கு அந்த இரண்டாம் வினா தோன்றாது. நாம் பழக்கிய வழியில் அது ஓடும். அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு பழக்கியவனுடையது.