மகப்பேற்றுக்குப் பின் மாதவிடாய் மீளல்: வழக்குச்சொல்லும் உடலியலும் – திருநின்றவூர் வட்டாரத் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று கூறும் வழக்கு தமிழகத்தில் இன்றும் உண்டு. மாதவிடாய் முடிந்து தலைமுழுகும் நாள் அவளுக்கு வரவில்லை என்பதே இத்தொடரின் அடிப்படைப் பொருள். 'நாள் தள்ளிப் போயிருக்கிறது' என்பதும் இதே அளவுகோலைக் கொண்டதாகும். உதிரம் வந்தால் கரு இல்லை, வராவிட்டால் கரு உண்டு என்னும் இக்கணக்கு மணமான புதிதில் பெரிதும் பொருந்தக்கூடியது. மகப்பேற்றுக்குப் பின்னரோ அது இருவகையிலும் பொய்த்துப் போகிறது. பாலூட்டும் தாய் கருவுறாமலே பல மாதங்கள் 'முழுகாமல்' இருப்பாள்; ஒருமுறையும் முழுகாத நிலையிலேயே மீண்டும் கருவுறவும் கூடும். இப்பொய்ப்பின் உடலியற் காரணத்தையும், திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதியில் வாழும் தாய்மாரின் வேலைநேரம் அதில் இடையிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வழக்கில் உறைந்த அறிவு

தொல்காப்பியக் கற்பியல், பூப்புத் தோன்றியதிலிருந்து பன்னிரு நாள் தலைவன் தலைவியைப் பிரிந்து உறைதலாகாது என வரையறுக்கிறது. உரையாசிரியர்கள் அந்நாட்களைக் கருத்தோன்றும் காலமாக விளக்குவர். பூப்பு முன், கரு பின் என்னும் வரிசை இங்குத் தெளிவாக உள்ளது. ஆயினும் இவ்வரிசை மீறப்படும் நிலையையும் தமிழ் வழக்கு அறியாமலில்லை என்பதற்குச் 'சவலை' என்னும் சொல் சான்றாகும். பால்குடி மறவாத குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடி சூல்கொள்ள, பால் குன்றி மெலிந்துபோகும் மூத்த குழந்தையே சவலைப் பிள்ளை. (இரண்டாமடியில் தனிச்சொல் குறைந்து நிற்கும் வெண்பாவை யாப்பிலக்கணத்தார் சவலை வெண்பா என்றழைத்தது இங்கு நினைக்கத்தக்கது.) ஆப்பிரிக்காவின் பொற்கடற்கரைப் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1935இல் புரதக்குறை நோய் ஒன்றை 'குவாஷியார்கர்' என்னும் பெயரால் மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார். அது அங்குள்ள கா மொழிச் சொல். அடுத்த குழந்தையின் வரவால் இடமிழந்த குழந்தைக்கு வரும் நோயைக் குறிப்பது. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே துயரத்திற்குத் தனித்தனியே பெயரிட்டுள்ளமை, நெருங்கிய கருத்தரிப்பு எத்துணைப் பொதுவானது என்பதைக் காட்டுகிறது.

பாலூட்டலும் கருமுட்டையும்

மகப்பேறு முடிந்தபின் 4 முதல் 6 வாரம் வரை வெளிப்படும் உதிரக் கசிவு மாதவிடாயன்று. நச்சுக்கொடி ஒட்டியிருந்த கருப்பை உட்சுவர் ஆறும்போது வெளியேறுவது அது. முதல் சில நாள் சிவப்பாகவும், பின்னர் வெளிறிய பழுப்பாகவும், இறுதியில் மஞ்சள் கலந்த வெண்மையாகவும் மாறும். பேச்சுவழக்கில் 'தீட்டு' என்னும் ஒரே சொல் இதற்கும் மாதவிடாய்க்கும் வழங்குவதால், கசிவின் இறுதிக்கூற்றை முதல் மாதவிடாய் எனக் கொள்ளும் மயக்கம் எளிதில் நேர்கிறது.

குழந்தை முலைக்காம்பைச் சுவைக்கும்போது எழும் நரம்புத் தூண்டல் தாயின் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியைச் சென்றடைகிறது. அங்கிருந்து சீரான துடிப்புகளாக வெளிவரவேண்டிய ஹார்மோன் சுரப்பு அதனால் குலைகிறது. விளைவாக, பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். ஹார்மோன் போதிய அளவில் கிடைக்காமல் சினைப்பை உறங்கு நிலையில் இருக்கும். புரோலாக்டின் அளவும் உயர்ந்தே இருக்கும். இங்கு நோக்கவேண்டியது சுரக்கும் பாலின் அளவைவிடச் சுவைத்தலின் எண்ணிக்கையே ஆகும். பகலில் 4 மணி நேரத்திற்கும் இரவில் 6 மணி நேரத்திற்கும் மேலாக இடைவெளி நீளும்போது இக்கட்டுப்பாடு தளர்கிறது.

பாலூட்டாத தாய்க்கு மாதவிடாய் பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்திற்குள் திரும்புகிறது. கருமுட்டை வெளியேற்றமோ நான்காம் வாரத்திலேயே நிகழக்கூடும். முழுமையாகப் பாலூட்டுவோரிடம் இது பல மாதங்கள், சிலரிடம் ஓராண்டிற்கும் மேலாகத் தள்ளிப்போகும். முதல் உதிரப்போக்கிற்கு முன் கருமுட்டை வெளியேறுமா என்பதும் காலத்தைப் பொறுத்தது. பேற்றுக்குப்பின் முதல் சில மாதங்களில் வரும் உதிரம் பெரும்பாலும் கருமுட்டை வெளியேறாத சுழற்சியினது. மாதங்கள் செல்லச்செல்ல, கருமுட்டை முந்திக்கொள்ளும் வாய்ப்புக் கூடுகிறது. 'முழுகாமலே' கருத்தரித்தல் என்பது இதுவே.

1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் இதனை ஒரு விதியாக வரையறுத்தனர். மாதவிடாய் திரும்பாமை, குழந்தைக்கு 6 மாதம் நிரம்பாமை, முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ பாலூட்டல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் கருத்தரிப்பிலிருந்து 98 விழுக்காடு காப்பு உண்டு. மூன்றில் ஒன்று பிறழ்ந்தாலும் வேறு முறையை நாடவேண்டும். முழுமையாகப் பாலூட்டும் தாய்க்கு முதல் 56 நாட்களில் தோன்றும் கசிவு மாதவிடாயாகக் கொள்ளப்படுவதில்லை.

திருநின்றவூரும் வேலைநேரமும்

பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரை 'என்னைப் பெற்ற தாயார்' என்று வழங்கும் ஊர் திருநின்றவூர். சென்னை – அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர் இன்று ஒரு குடியிருப்பு நகரமாகும். இங்குள்ளோர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முதலிய இடங்களுக்கு இரயிலில் வேலைக்குச் செல்கின்றனர். இதே மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் உள்ளது. எட்டு மணி நேரப் பணிமுறையுடன் போக்குவரத்தையும் சேர்த்தால் தாயும் சேயும் நாளில் பத்து மணி நேரமளவு பிரிந்திருக்க நேர்கிறது. பாலூட்டல் இடைவெளி பற்றி மேலே கூறப்பட்ட 4 மணி நேர எல்லை இங்கு நாள்தோறும் மீறப்படுகிறது.

1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு அளிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவ்வளவையே கொண்டுள்ளது. 26 வாரமும் 6 மாதமும் ஒன்றே எனத் தோன்றும். ஆனால் அவ்விடுப்பில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரமே ஆகியிருக்கும். பேற்றுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் பணியாற்றியிருக்க வேண்டுமென்னும் தகுதியும், ஒப்பந்தம் இடையிடையே முறியும் தொழிலாளர்க்கு எளிதன்று. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர்க்கு 2021 சூலை முதல் 12 மாத விடுப்பு வழங்கப்படுவதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம். ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் ஆசிரியைக்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் மாதவிடாய் திரும்பும் காலம் வேறுபட்டால், அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி சட்டத்தினாலானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

குழந்தைக்கு 15 மாதம் நிரம்பும் வரை நாளுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் எனவும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் எனவும் சட்டம் கூறுகிறது. குழந்தை திருநின்றவூரில் பாட்டியிடமும் தாய் அம்பத்தூரிலும் இருந்தால் அவ்விடைவேளை பாலைப் பீய்ச்சி எடுப்பதற்கே பயன்படும். பீய்ச்சுதல் சுரப்பைக் காக்கும். ஆனால் கருமுட்டையைத் தடுப்பதில் குழந்தையின் சுவைத்தலுக்கு நிகராகாது. சிலி நாட்டில் பணிக்குச் சென்றவாறே பாலைப் பீய்ச்சி அளித்த தாய்மாரிடையே நடந்து 2000இல் வெளியான ஆய்வில், 6 மாதத்திற்குள் கருவுற்றோர் 5 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதியாக இருந்தனர். பெல்லாஜியோ விதி எதிர்பார்க்கும் 2 விழுக்காட்டை விட இது இரு மடங்கிற்கும் மேலாகும்.

மீண்ட பின் காணும் மாற்றங்கள்

திரும்பிய மாதவிடாய் முதல் சில சுழற்சிகளில் ஒழுங்கின்றி இருப்பது இயல்பு. போக்கு மிகுந்தோ குறைந்தோ இருக்கலாம். முன்னிருந்த வலி சிலருக்குக் குறைவதுமுண்டு. கருத்தடை முறைகளும் இதில் பங்குகொள்கின்றன. பேற்றையொட்டிப் பொருத்தப்படும் காப்பர்-டி போக்கை மிகுவிக்கக்கூடும். 2017இல் அரசு அறிமுகப்படுத்திய 'அந்தரா' ஊசி மாதவிடாயை ஒழுங்கற்றதாக்கும், நாளடைவில் நிறுத்தவும் செய்யும். இலக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான 'சாயா' மாத்திரை சுழற்சியை நீட்டக்கூடும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் உதிரப்போக்கு மிகும் என்னும் நம்பிக்கை பரவலானது. அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து 2000இல் வெளியிடப்பட்ட ஆய்வு இந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை.

ஒரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுதும் நனையும் போக்கு, பெரிய கட்டிகள், காய்ச்சலுடன் கூடிய துர்நாற்றம் ஆகியவற்றில் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடவேண்டும். பேற்றின்போது பெருமளவு குருதி இழந்தவர்க்குப் பாலும் சுரக்காமல் மாதவிடாயும் திரும்பாதிருந்தால், 1937இல் ஷீஹன் விவரித்த பிட்யூட்டரிச் சிதைவை ஐயுற வேண்டும். பாலூட்டுவதால் உதிரம் வரவில்லை என்னும் பொது விளக்கம் இவரிடம் செல்லாது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழகப் பெண்களுள் 15 முதல் 49 வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். உதிரப்போக்கு இல்லாத பாலூட்டும் மாதங்கள் இவர்களுக்கு இரும்புச்சத்தைச் சேமித்துத் தருகின்றன. பேற்றுக்குப்பின் 180 நாள் இரும்பு – ஃபோலிக் அமில மாத்திரை உட்கொள்ளுமாறு அரசு அறிவுறுத்துகிறது. மாதவிடாய் திரும்பும் காலத்தை அண்மித்தே அம்மாத்திரையும் நின்றுவிடுகிறது.

தடுப்பூசி அட்டவணையிலும் இதையொத்த ஓர் இடைவெளி உள்ளது. 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தையுடன் சுகாதார நிலையத்திற்கு வரும் தாய், அதன்பின் ஒன்பதாம் மாதத்திலேயே தட்டம்மைத் தடுப்பூசிக்காக வருகிறாள். விடுப்பு முடிவதும், இணையுணவு தொடங்குவதும், பெல்லாஜியோ விதியின் காப்பு நீங்குவதும் அவ்விரு வருகைகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. பதினான்காம் வார வருகையில் குழந்தையின் எடையைக் குறிக்கும் செவிலியர், 'எப்போது வேலைக்குத் திரும்புகிறீர்கள்?' என்னும் வினாவையும் தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள இயலும்.