மில் பில்டர் பைகள்: எப்போது தட்டுவது, எப்போது மாற்றுவது?

மளிகைக் கடையோடு மாவு மில்லோ, மிளகாய், மல்லி அரைக்கும் பல்வரைசரோ சேர்த்து நடத்தும் வணிகர்கள் நம்மில் பலர். மோட்டார், பெல்ட், சல்லடை எல்லாவற்றையும் கவனிக்கிறோம். தூசி பிடிக்கும் பில்டர் பைகளை மட்டும் கிழிந்து கொட்டும்வரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பை வழியே வெளியேறுவது வெறும் தூசி அல்ல, காசு கொடுத்து வாங்கிய சரக்கு. அதையே நாள் முழுக்கச் சுவாசிக்கும் வேலையாளுக்கு இருமலும் ஆஸ்துமாவும் வரக்கூடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நுண்ணிய மாவைத் துணி மட்டும் தடுப்பதில்லை. துணியின் மேல் படியும் மெல்லிய மாவுப் படலமே பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஆகவே புதுப் பை முதல் சில நாட்கள் சற்றுப் புகையத்தான் செய்யும். இது தெரியாமல் பை விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. மணிக்கொரு முறை பையைத் தடியால் அடிப்பவர், படலத்தையும் இழக்கிறார், துணியின் இழையையும் அறுக்கிறார். அதற்காகத் தட்டாமலே விட்டாலும் காற்று அடைபட்டு, இழுவை குறைந்து, இயந்திரத்தின் இடுக்கெல்லாம் மாவு கக்கும்.

எப்போது தட்டுவது என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவில் வளைத்துப் பலகையில் பொருத்திச் சாயநீர் ஊற்றுங்கள். ஒரு முனையைப் பையின் அழுக்குப் பக்கத்திலும், மறுமுனையைச் சுத்தக் காற்றுப் பக்கத்திலும் இணையுங்கள். திறந்தவெளியில் தொங்கும் பையானால் மறுமுனையை அப்படியே விட்டுவிடலாம். இரு பக்க நீர்மட்ட வித்தியாசமே பையின் நாடித்துடிப்பு. புதுப் பை ஒரு வாரம் ஓடியபின் உள்ள அளவை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். அளவு ஏறினால் தட்டுங்கள். தட்டியும் இறங்கவில்லையென்றால் துணி அடைத்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். புளோயர் சரியாக ஓடும்போதே திடீரென இறங்கினால் எங்கோ ஓட்டை. இருட்டில் பைக்குள் டார்ச் அடித்தால் ஊசித்துளையும் தெரியும்.

பையைக் கெடுப்பதில் முதலிடம் ஈரத்துக்கே. தீபாவளிக்கு முன் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஈர அரிசி வந்து குவியும். அந்த மாவு துணியில் பசைபோல் ஒட்டி இறுகிவிடும். அதற்கென்று தனிப் பை வைப்பது நல்லது. மிளகாய்க்கும் அரிசிக்கும் ஒரே பையைப் போடுவது எப்படியும் கூடாது. அரைவை முடிந்ததும் புளோயரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய பிறகு பையை உலுக்குங்கள். பருத்திப் பையைத் துவைத்தால் முழுதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். காற்றழுத்தத்தால் உதறும் வகையானால் கம்பிரசர் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள்.

மாற்றும் நாளில் மெயினை அணைத்து, பியூஸைக் கழற்றி, வேலை செய்பவரே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கு மூடி அவசியம். எட்டுப் பழைய பைகளில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால், காற்று முழுவதும் அதன் வழியே பாய்ந்து அதையே முதலில் தேய்த்துவிடும். வயதான பைகளை ஒன்றாகவே மாற்றுவதுதான் சிக்கனம். உள்ளே கம்பிக் கூண்டு இருந்தால் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புதுத் துணியைக் கிழிப்பது பெரும்பாலும் அதுதான்.

பாலியெஸ்டர் பை பருத்தியைவிட அதிகம் உழைக்கும். ஆனால் அதில் நிலைமின்சாரம் சேரும். மாவுத்தூசி காற்றில் மிதக்கும்போது ஒரு பொறி போதும். 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பெரிய மாவு ஆலை இப்படித்தான் வெடித்து 18 பேர் மாண்டனர். பொறி சேராத வகைப் பையாகக் கேட்டு வாங்கி, எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பைகளுக்கு அருகே பீடியும் வெல்டிங்கும் வேண்டாம்.

புதுப் பைக்கு அளவு கொடுக்கும்போது பழைய பையை அளக்காதீர்கள், அது இழுபட்டிருக்கும். மாட்டும் வளையத்தை அளந்து கொடுங்கள். மாற்று செட் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், தகர டப்பாவில். கிடங்கில் வைத்தால் எலி முந்திக்கொள்ளும்.