சிட்டைக்கும் பேரேட்டுக்கும் நடுவே

2020 அக்டோபர் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் கொரோனா எண்ணிக்கை திடீரென்று எகிறியது. நோய் ஒரே நாளில் அவ்வளவு பரவிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று விவரம் தினசரிக் கணக்கில் ஏறாமலே விடுபட்டிருந்தது. ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய கோப்புகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்செல் கோப்பில் தானாக ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. நிரம்பியதும் மிச்சம் வெளியே நின்றுவிட்டது. யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலைதான் நாள்கணக்கில் தள்ளிப்போனது.

ஒரு வாசகர் வட்டத்திலோ திரைப்படச் சங்கத்திலோ தவறு நேர்ந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அங்கும் மாதக் கடைசியில் நடப்பது இதே வேலை. உறுப்பினர் பட்டியலை இறக்கி, எக்செல்லில் ஒட்டி, சந்தாக் கணக்கோடு ஒப்பிட்டு, முன்னால் இருந்த சுழியம் உதிர்ந்த தொலைபேசி எண்களைத் திருத்தி முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். அதற்குள் பட்டியலும் பழையதாகிவிடும். இந்த வேலையை நிரல் எழுதாமலே இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியும் என்பதுதான் நோ-கோட் ஆட்டோமேஷன் தரும் வசதி.

பழைய மளிகை மண்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். கல்லாவில் இருப்பவர் நாள் முழுவதும் நடப்பதை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார். மாலையில் கணக்குப்பிள்ளை அதை ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் பதிவார். உறுப்பினர் தளம் சிட்டை. ஒருவர் சேர்ந்தார், ஒருவர் பணம் கட்டினார், ஒருவர் விலகினார் என்று ஒவ்வொன்றாக நடப்பதைக் குறித்துக்கொள்ளும். தரவுக் கிடங்கு பேரேடு. ஐந்து ஆண்டு விவரத்தையும் ஒன்றாக வைத்து, எந்த மாதம் சேர்ந்தவர்கள் நிலைக்கிறார்கள் என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் தரும். கூகுளின் பிக்குவெரி, அமேசானின் ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக் எல்லாம் இந்த வகை. நடுவே நிற்கும் கணக்குப்பிள்ளை வேலையை 2011இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கிய ஸேப்பியர், பெர்லினிலிருந்து வரும் என்8என், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஃப்ளோ போன்ற கருவிகள் செய்கின்றன. ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று திரையில் கட்டங்களை இணைத்தால் போதும்.

ஒரு கூட்டணியை எடுத்துக்கொள்வோம்: கோஸ்ட், ஸேப்பியர், பிக்குவெரி. கோஸ்ட் 2013இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக மக்கள் தந்த பணத்தில் உருவான, லாப நோக்கமற்ற அமைப்பின் பதிப்பு மென்பொருள். உறுப்பினர் வசதி 2019இல் அதில் சேர்ந்தது. சந்தா வசூல் ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாக நடக்கிறது. கோஸ்டில் புது உறுப்பினர் சேர்ந்தவுடன் அது ஸேப்பியருக்குத் தகவல் தள்ளும். இப்படி நடந்ததும் தானே வந்து சொல்லும் முறைக்கு வெப்ஹுக் என்று பெயர். ஸேப்பியர் அதை வாங்கி, பிக்குவெரியில் ஒரு வரிசையாகச் சேர்க்கும். இந்த அளவுக்கு இணைப்பை உருவாக்க ஒரு பிற்பகல் போதும்.

சிரமம் அதற்குப் பிறகு வருகிறது. அதை இந்தக் கருவிகளின் விளம்பரங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

முதலில், யார் யார் என்ற கேள்வி. பெரும்பாலோர் மின்னஞ்சல் முகவரியை அடையாளமாக வைத்துவிடுகிறார்கள். ஓர் உறுப்பினர் வேலை மாறி, அலுவலக முகவரிக்குப் பதில் சொந்த முகவரியைக் கொடுத்தால் கிடங்கின் கணக்கில் ஒருவர் விலகிவிட்டார், இன்னொருவர் புதிதாகச் சேர்ந்துவிட்டார். பெயர் இதைவிட மோசம். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் தளங்களில் தமிழர்கள் தலைப்பெழுத்தை ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் போட்டிருப்பார்கள். கோஸ்ட் ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைத் தருகிறது. கிடங்கில் அதைத்தான் சாவியாகப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, ஒரே தகவல் இரண்டு முறை வருவது. இது கோளாறு என்று பலர் பதறுகிறார்கள்; இணையத்தில் இது இயல்பு. ஸ்ட்ரைப் அனுப்பும் தகவலுக்கு எதிர்முனையிலிருந்து சரியான பதில் வராவிட்டால் 3 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஒரே நிகழ்வு இருமுறை வரலாம், முன்பின் மாறியும் வரலாம் என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன. ஆகவே கிடங்கில் பழைய வரிசையை அழித்து எழுதாமல், வருவதையெல்லாம் நேரக் குறிப்போடு சேர்த்துக்கொண்டே போய், படிக்கும்போது நிகழ்வு எண் வாரியாக ஒன்றை மட்டும் எடுப்பதே பாதுகாப்பு.

அந்த நேரக் குறிப்பிலும் ஒரு வம்பு இருக்கிறது. கணினிகள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே நிற்கிறது. ஏப்ரல் 1 அதிகாலை 3 மணிக்குச் சேர்ந்தவர் கிடங்கில் மார்ச் 31 இரவு 9.30க்குச் சேர்ந்தவராக இருப்பார். ஒரே உறுப்பினர் இரண்டு நிதியாண்டுகளில் இரண்டு இடத்தில் எண்ணப்படுவது இப்படித்தான். தணிக்கைக்காரர் கேட்கும்போதுதான் இது தெரியவரும்.

பேரேட்டிலிருந்து சிட்டைக்குத் திரும்பும் பாதைதான் இந்த இணைப்பின் உண்மையான பலன். துறையில் இதை ரிவர்ஸ் ஈடிஎல் என்கிறார்கள். ஓர் உறுப்பினர் கூட்டங்களுக்கு வந்தாரா, புத்தகம் வாங்கினாரா, கடிதத்தைத் திறந்து படித்தாரா என்பதெல்லாம் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். அவை ஒன்றுசேரும் இடம் கிடங்கு. அடுத்த 30 நாளில் சந்தா முடியப்போகிறவர்களில், கடந்த 60 நாளாக எதையும் திறக்காதவர் யார் என்று அங்கே கேட்கலாம். கிடைக்கும் பெயர்களுக்கு கோஸ்டில் ஒரு லேபிள் ஒட்டினால், அவர்களுக்கு மட்டும் தனிக் கடிதம் போகும். சந்தா முடிந்த பிறகு வருந்தி எழுதுவதைவிட, முடியும் முன் நலம் விசாரிப்பது எவ்வளவோ மேல்.

இந்தப் பாதையில் செலவைக் கவனிக்க வேண்டும். ‘கிடங்கில் புது வரிசை வந்தால்’ என்று தூண்டலை வைத்தால், கருவி குறித்த இடைவெளியில் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 96 முறை. ஸ்னோஃப்ளேக்கில் கணிப்பொறி விழித்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 விநாடி கணக்கில் ஏறும். வேலை முடிந்து 10 நிமிடம் கழித்துத் தூங்கும்படி அமைத்திருந்தால், யாரும் எதுவும் கேட்காத நாளிலும் 16 மணி நேரத்துக்குப் பணம் போகும். பிக்குவெரியில் கட்டணம் படித்த தரவின் அளவுக்கு. பத்து வரிசை மட்டும் காட்டு என்று வரம்பு போட்டாலும், பொதுவாக முழு டேபிளையும் படித்த செலவு ஆகும். அதிகாலை 5 மணிக்கு ஒரே ஒரு முறை ஓடும்படி அமைத்தால் பெரும்பாலான சங்கங்களுக்குப் போதும். பழைய உறுப்பினர் பட்டியலைக் கிடங்கில் ஸேப்பியர் இணைப்பு வழியாக ஏற்றவும் கூடாது. ஸேப்பியர் செய்து முடிக்கும் ஒவ்வொரு செயலையும் எண்ணிக் கட்டணம் வாங்குகிறது. 20,000 பேர் என்றால் 20,000 செயல். கோப்பாக ஒரே தடவையில் ஏற்றிவிட்டு, புதியவர்களை மட்டும் இணைப்பு வழியாக விடலாம்.

எந்த விவரத்துக்கு யார் சொந்தக்காரர் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பெயரும் முகவரியும் தளத்துக்குச் சொந்தம், லேபிள் கிடங்குக்குச் சொந்தம். இரு பக்கமும் ஒரே கட்டத்தை மாற்ற அனுமதித்தால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் இரு பக்க உறுப்பினர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மின்னஞ்சல் அனுப்பும் சின்ன இணைப்பு ஒன்றும் வேண்டும். இங்கிலாந்தில் அந்த எட்டு நாளும் இல்லாமல் போனது இப்படி ஓர் எச்சரிக்கைதான்.

உறுப்பினர் ஒருவர் என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று கேட்டால் வேலை இன்னும் நீளும். படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கவும் அதில் இடமிருக்கிறது. கோஸ்டில் நீக்கியவுடன் கிடங்கிலும் அவர் பெயரும் முகவரியும் அழியும்படி இன்னோர் இணைப்பு வேண்டும். நடுவே நிற்கும் கருவியின் ஓட்டப் பதிவுகளிலும் அவர் விவரம் தங்கியிருக்கும். என்8என்னைச் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்பவர்களுக்கு அந்தப் பதிவும் தங்கள் கையிலேயே இருக்கும். பிக்குவெரியில் அழித்த வரிசையை வழக்கமான அமைப்பில் 7 நாள் வரை பின்னோக்கிப் போய் எடுக்கலாம். அதன் பிறகும் அவசர மீட்புக்கென்று மேலும் 7 நாள் அது வைத்திருக்கப்படும். எனவே அந்த உறுப்பினருக்கு எழுதும் பதிலில், முழுதாக அழிய இரண்டு வாரம் ஆகும் என்று தேதியோடு குறிப்பிட வேண்டும்.