வயிற்றுப் புற்றுநோய்க்கு என்னென்ன சிகிச்சைகள் உண்டு?



நம்மில் பலர் விடியற்காலையில் கடை திறந்து, பத்து மணிக்கு இட்லியும் மூன்று மணிக்கு மதியச் சாப்பாடும் சாப்பிடுகிறவர்கள். வயிறு எரிந்தால் நம் கடையில் தொங்கும் ஈனோவைக் கரைத்துக் குடித்துவிட்டுத் தராசின் முன் நின்றுவிடுகிறோம். பெரும்பாலும் அது வெறும் அஜீரணம்தான். ஆனால் சிலருக்கு அதுவே வயிற்றுப் புற்றுநோயின் தொடக்கமாக இருந்துவிடுகிறது. சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நெடுங்காலமாக முன்வரிசையில் உள்ளது. எனவே இதற்குரிய சிகிச்சைகளை நாம் அறிந்தவரை இங்கே தருகிறோம்.

முதலில் சோதனை

சில வாரங்களாக நீங்காத எரிச்சல், கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைதல், காரணமின்றி எடை குறைதல், அடிக்கடி வாந்தி, தார் போலக் கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவை எச்சரிக்கைகள். அமில மாத்திரை போட்டால் எரிச்சல் அடங்கும். உள்ளே இருப்பது அடங்காது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில்தான் உண்மை தெரியும். சந்தேகமான இடத்தில் சிறு சதை எடுத்துப் பரிசோதித்து நோயை உறுதி செய்வார்கள். அது எவ்வளவு ஆழம், எதுவரை பரவியுள்ளது என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். அதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

சிகிச்சை வகைகள்

1. வயிற்றின் உள்தோலோடு நின்றுவிட்ட மிகத் தொடக்க நோயைச் சிலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். ஜப்பானியர் தேர்ச்சி பெற்ற முறை இது. துரதிர்ஷ்டவசமாக, நம் நாட்டில் இவ்வளவு முன்னதாக வருவோர் குறைவு.

2. அடுத்தது அறுவை சிகிச்சை. 1881 இல் வியன்னாவில் டாக்டர் பில்ராத் முதன்முதலாக இதில் வெற்றி கண்டார். நோய் உள்ள இடத்தைப் பொறுத்து இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ, சுற்றியுள்ள நெறிக்கட்டிகளோடு நீக்குவார்கள். முழுவதும் நீக்கினால் உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். 'கத்தி பட்டால் நோய் பரவும்' என்பது தவறான பேச்சு. பரவாத நோயை முழுமையாகக் குணப்படுத்தும் வழிகளில் அறுவையே முதன்மையானது.

3. கீமோதெரபி. சற்று வளர்ந்த நோய்க்கு, அறுவைக்கு முன் நான்கு தவணையும் பின் நான்கு தவணையும், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மருந்து ஏற்றும் முறை இன்று பரவலாக உள்ளது. 'உடனே ஆபரேஷன் செய்யாமல் ஏன் தாமதிக்கிறார்கள்?' என்று வீட்டார் பதற வேண்டாம். கட்டியைச் சுருக்கவும், கண்ணுக்குத் தெரியாமல் சிதறியதை அழிக்கவுமே இந்த ஏற்பாடு. தேவைப்படும் சிலருக்குக் கதிர்வீச்சும் தருவார்கள்.

4. வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் முழுக் குணம் அரிது. ஆனாலும் கீமோதெரபியால் ஆயுளை நீட்டலாம். சதைப் பரிசோதனையில் 'ஹெர்-2' என்னும் புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி உதவும். இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பின் விலை இறங்கியுள்ளது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய ஊசிகளும் சிலருக்குப் பயன் தருகின்றன, விலைதான் கடுமை. உணவுப் பாதை அடைத்தால் உள்ளே குழாய் பொருத்தலாம். வலி தணிக்கும் சிகிச்சையும் சிகிச்சையே.

இரைப்பையை எடுத்தபின் மூன்று வேளை வயிறார உண்ண முடியாது. சிறிது சிறிதாக ஆறு வேளை உண்ண வேண்டும். முழுவதும் எடுத்தவர்களுக்கு பி-12 சத்தை வாழ்நாள் முழுவதும் ஊசியாகவோ மருந்தாகவோ தர வேண்டும். இப்படிப் பழகிக் கொண்டு மீண்டும் தொழிலைக் கவனிக்கலாம்.

எங்கே செல்வது?

கண்டமங்கலம் வணிகர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள மத்திய அரசின் ஜிப்மர் அருகிலேயே இருக்கிறது. அங்கு புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. முதற்கட்டமாக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2022 இல் நீட்டிக்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை எனப்பட்டது. அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சேருமுன் கேட்டுக்கொள்க. வரம்புக்கு மேற்பட்ட வணிகர்கள் உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். நோய் கண்டபின் எடுப்பது கடினம்.

வருமுன் காக்க

வயிற்றில் தங்கும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்னும் கிருமி முக்கியக் காரணம். இதைக் கண்ட ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. சோதனையில் கிருமி இருந்தால், டாக்டர் தரும் மாத்திரைகளை இரண்டு வாரம் விடாமல் சாப்பிட்டுப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவைக் குறைப்பதும், நாம் விற்கிற பீடி சிகரெட்டை நாமே தொடாதிருப்பதும் நல்லது.

கடையை யார் பார்ப்பது என்றுதான் நாம் சோதனையைத் தள்ளிப் போடுகிறோம். எண்டோஸ்கோப்பி சில நிமிட வேலை. ஒரு நாள் கடை அடைத்தால் போதும். தள்ளிப் போட்டாலோ, முதல் வகைச் சிகிச்சையோடு முடிய வேண்டியது நான்காம் வகைக்குப் போய்விடும். எனவே மேற்கண்ட அறிகுறி உள்ள அன்பர்கள் இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கிச் சென்று வருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.